பழைய கார் பீடிங் கெட்டியாயிடுச்சா? அறிகுறியை வச்சு சரி பண்ற வழி

அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டுனு பழைய வண்டியை ரெடி பண்றவங்க இன்ஜினுக்கும் பெயின்டுக்கும் காசை கொட்டிட்டு கடைசியில வந்து நிக்குற இடம் டோர் பீடிங்தான், அதாவது தண்ணியும் காத்தும் உள்ள வராம டோர் ஓரத்தை சுத்தி அடைக்குற ரப்பர். ரப்பர் கெட்டியா கெடக்கு, என்ன போட்டா சாஃப்ட் ஆகும்னு கேட்டா ஒருத்தர் தேங்கா எண்ணெய்ங்கிறார், இன்னொருத்தர் டீசல்ல ஊற வைங்கிறார், மூணாவது ஆளு பிரேக் ஆயில்ங்கிறார். எதை போடுறதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி பீடிங்குக்கு என்ன ஆச்சுன்னு பார்க்கணும், ஏன்னா கெட்டியானது, வெடிச்சது, பிசுபிசுக்குறது, சுருங்கினது எல்லாத்துக்கும் வைத்தியம் வேற வேற. இதுல சாஃப்ட் பண்ணி காப்பாத்த முடியுறது முதல் வகையை முழுசா, ரெண்டாவது வகையை கொஞ்சம், அவ்வளவுதான். மத்ததுக்கு என்ன தைலம் தடவினாலும் காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

உங்க வண்டியில என்ன தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க. ஒவ்வொன்னுலயும் செலவில்லாதது முதல்ல, செலவு வைக்குறது கடைசியில.

## எதையும் தடவுறதுக்கு முன்னாடி

வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விடை கொஞ்சம் கலந்து பழைய டூத் பிரஷால பீடிங்கை நல்லா தேச்சு கழுவுங்க. இத்தனை வருஷத்துல பலமுறை பெயின்ட் அடிச்ச வண்டியா இருந்தா ரப்பர் மேல ஸ்ப்ரே பெயின்ட் படிஞ்சிருக்கும், அதுக்கு மேல பாலிஷ், தூசி, யாரோ எப்பவோ தடவின கிரீஸ், எல்லாம் சேர்ந்து காஞ்சு போயி தொட்டா கல்லா இருக்கும், ஆனா உள்ள ரப்பர் நல்லாவே இருக்கும். பெயின்ட் படலத்தை எடுக்க பீடிங்கை லேசா வளைச்சா அதுவே பொரிஞ்சு வரும், மீதியை பழைய ஏடிஎம் கார்டு முனையால சுரண்டுங்க. தின்னர் பக்கமே போகாதீங்க.

காஞ்சதும் மூணு சோதனை. கட்டைவிரல் நகத்தால அழுத்தி எடுங்க, தடம் விழுந்து உடனே மறைஞ்சா ரப்பருக்கு உயிர் இருக்கு, தடமே விழலைன்னா கெட்டி, தடம் விழுந்து அப்படியே நின்னா உள்ள கெட்டுப் போச்சு. ரெண்டாவது, டோர் கீழ் மூலையில யார் கண்ணுக்கும் படாத இடத்துல பீடிங்கை எடுத்து ரெண்டா மடிச்சு பாருங்க, மடிப்போட வெளிப்பக்கம் மெல்லிசா கோடு விழுதா, ஆழமா பிளக்குதா, இல்ல ஒடஞ்சே போகுதான்னு தெரியும். மூணாவது வெள்ளைத் துணியால அழுத்தித் தேச்சு பாருங்க, கழுவின பிறகும் கரி கரியா ஒட்டுதுன்னா மேல் பரப்பு சிதைஞ்சுகிட்டு இருக்கு.

இன்னொரு விஷயம், வண்டிக்கு பெயின்ட் வேலை பாக்கி இருந்தா இப்போதைக்கு சிலிகான் ஸ்ப்ரே, சிலிகான் கிரீஸ், டயர் பாலிஷ் எதுவும் ஷெட்டுக்குள்ளயே வர வேண்டாம். காத்துல பறக்குற சிலிகான் பாடியில படிஞ்சா பெயின்ட் அந்த இடத்துல ஒட்டாம குழி குழியா விழும், ஃபிஷ் ஐனு பெயின்டருங்க தலையில அடிச்சுக்குவாங்க. பெயின்ட் முடிஞ்சு நல்லா காஞ்ச பிறகுதான் சிலிகான்.

## இதை காப்பாத்தியே ஆகணுமா?

இது வண்டியை பொறுத்தது. அம்பாசடர் 2014 வரைக்கும் கொல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல தயாரான வண்டி, அதுக்கு டோர் பீடிங், டிக்கி பீடிங் எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டுலயும் மத்த ஊர் ஸ்பேர் கடைங்கள்லயும் மீட்டர் கணக்குல கேட்டு வாங்கலாம். அதுக்குப் போயி பழசை ஊற வச்சு நாளைக் கடத்துறதுல அர்த்தமே இல்ல, கெட்டியா இருந்தா தூக்கிட்டு புதுசு போடுங்க. பத்மினிக்கும் டோர் பீடிங் பெரும்பாலும் கிடைச்சிடும், கஷ்டம் முன்னாடி டோர்ல இருக்குற முக்கோண கண்ணாடியை சுத்தி வர்ற ரப்பர்ல, அது வார்ப்பு ரப்பர், வளைவெல்லாம் அச்சுலயே வந்தது, மீட்டர் ரப்பரை வெட்டி ஒட்டினா கண்ணாடி சரியா மூடாது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு கதை வேற. நம்ம மெட்ராஸ்ல தயாரான வண்டி, இதோட மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டுக்கு பிரிட்டன்ல இன்னைக்கும் ரப்பர் சாமான் புதுசா போட்டு விக்குறாங்க, அதை வரவழைக்கலாம். ஆனா அங்க ஹெரால்டு சலூன் ரெண்டு டோர் மட்டும்தான், நாலு டோர் ஹெரால்டு இங்க மட்டுமே வந்தது. அதனால பின் டோருக்கு வளைச்சு வெட்டி ரெடியா வர்ற பீடிங் அங்க இருந்து கிடைக்கும்னு நம்பி ஆர்டர் போடாதீங்க, குறுக்கு வெட்டு பொருந்துற ரப்பரை நீளமா வாங்கி நீங்களே வளைச்சு ஒட்டணும். இந்த மாதிரி வண்டியில ஒரிஜினல் பீடிங் எந்த நிலைமையில இருந்தாலும் சாம்பிளுக்காச்சும் வச்சுக்கணும், பாடி ஷாப்ல குப்பையோட போயிடாம நீங்களே எடுத்து எந்த டோர், எந்தப் பக்கம்னு டேப் ஒட்டி எழுதி வைங்க.

## அறிகுறி 1: கெட்டியா இருக்கு, ஆனா வெடிப்பு இல்ல

சாஃப்ட் பண்ற வேலைக்கு ஏத்த பீடிங் இதுதான். கீழ சொல்றதை வரிசையா பண்ணுங்க, ஒரு படியில சரியாயிட்டா அடுத்த படிக்கு போக வேண்டாம்.

### மேல சாம்பலா வெள்ளையா பூத்திருக்கு

ரப்பருக்குள்ள இருந்து வெளிய வந்த மெழுகு, இல்லன்னா வெயில்ல காஞ்ச மேல் படலம். ரெண்டு தடவை சோப்புத் தண்ணியில கழுவி, காஞ்சதும் கிளிசரின் தடவி விடுங்க. பல வண்டியில இதோட வேலை முடிஞ்சிடும்.

### கழுவியும் விறைப்பா இருக்கு

மெடிக்கல் ஷாப்ல கிளிசரின் பாட்டில் வாங்கி கொஞ்சமா தண்ணி கலந்து துணியால தடவி ராத்திரி முழுக்க விட்டு காலையில துடைங்க, சில நாள் தொடர்ந்து பண்ணுங்க. கிளிசரின் ரப்பரையும் கெடுக்காது பெயின்டையும் கெடுக்காது, அதனால வண்டியில இருக்கும்போதே பண்ணலாம். பலன் மெதுவாதான் தெரியும், அதுவும் மேல் பரப்புலதான் தெரியும், ஆனா டோர் சாத்துறப்போ பீடிங்கோட உதடு (டோரைத் தொடுற மெல்லிய ஓரம்) மடிஞ்சு உக்கார அதுவே போதும் சில சமயம். பெயின்ட் வேலை முடிஞ்சிருந்தா அதுக்கு மேல சிலிகான் கிரீஸ் மெல்லிசா ஒரு கோட் கொடுங்க.

### கிளிசரினுக்கும் மசியலை

இப்ப பீடிங்கை கழட்டணும். விண்டர்கிரீன் ஆயில்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஊட்டியில யூகலிப்டஸ் தைலம் விக்குற கடைங்கள்லயே கிடைக்கும், கெமிக்கல் கடையில மெத்தில் சாலிசிலேட்னு கேட்டாலும் அதே சாமான்தான், மூட்டு வலி தைலத்துல வர்ற அந்த வாசனை இதோடதுதான். தைலத்தையே வாங்கிட்டு வந்துடாதீங்க, அதுல வேற எண்ணெய், மெழுகு எல்லாம் கலந்திருக்கும், சுத்தமான ஆயில் வேணும். கூட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மொபைல் சர்வீஸ் கடைக்காரங்க ஐபிஏனு வச்சிருப்பாங்களே அது.

ஒரு பங்கு ஆயிலுக்கு மூணு பங்கு ஐபிஏ. கண்ணாடி ஜாடி இல்ல எவர்சில்வர் பாத்திரம், தெர்மாகோல் பெட்டியோ மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவோ வேண்டாம், கரைஞ்சிடும். மொத்த பீடிங்கையும் நேரா உள்ள போடாதீங்க. கடைசி முனையில ஒரு அங்குலம் வெட்டி எடுத்து அந்த துண்டை மட்டும் போட்டு மூடி வைங்க, அரை மணிக்கு ஒரு தடவை எடுத்து நகத்தால அழுத்திப் பாருங்க. முதல்ல ஓரம் மட்டும் பிடி கொடுக்கும், அப்புறம் நடுவுலயும் நகம் இறங்கும், துண்டு லேசா பருத்து வெட்டின முகம் கருகருன்னு ஈரமா தெரியும். அந்த நேரத்துல எடுத்துடணும், அதுக்கு மேல விட்டா அளவுக்கு மீறி ஊதி வடிவமே போயிடும். எடுத்த துண்டை சோப்புத் தண்ணியில கழுவி நிழல்ல ரெண்டு நாள் விட்டா ஊதினது பெரும்பாலும் அடங்கும். அடங்கின பிறகும் மெதுவா இருந்தா மட்டும் மொத்த பீடிங்கையும் அதே நேரத்துக்கு ஊற வைங்க, துண்டு திரும்ப கல்லா ஆயிடுச்சுன்னா இந்த ரப்பருக்கு இது பத்தாது, செலவை அங்கயே நிறுத்திடலாம்.

உள்ள நுரை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குற ஸ்பாஞ்ச் பீடிங்கை இதுல போடவே கூடாது, கொழகொழன்னு பிஞ்சு வரும். உள்ள இரும்பு கிளிப் பட்டை இருக்குற பீடிங்கா இருந்தா முழுசா முக்காம பிரஷால ரப்பர் பாகத்துல மட்டும் தடவுங்க, இல்லன்னா உள்ள ஈரம் நின்னு பட்டை துரு பிடிக்கும்.

பாதுகாப்பை லேசா எடுக்காதீங்க. மெத்தில் சாலிசிலேட் ஒரு டீஸ்பூன் உள்ள போனாலே சின்ன குழந்தைக்கு உயிருக்கு ஆபத்து, வாசனை வேற மிட்டாய் மாதிரி இருக்கும், அதனால ஜாடியை குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல பூட்டி வைங்க. கைக்கு நைட்ரில் கிளவுஸ், கதவு ஜன்னல் திறந்த இடம், பக்கத்துல அடுப்பு, வெல்டிங், பீடி சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது, ஐபிஏ சட்டுனு தீப்பிடிக்கும். பெயின்ட் மேல சொட்டினாலும் பெயின்ட் தூக்கிடும், அதனாலதான் கழட்டிட்டு பண்ணச் சொல்றேன்.

இதுல வர்ற மென்மை நிரந்தரம் கிடையாது. எண்ணெய் மெதுவா ஆவியாக ஆவியாக ரப்பர் திரும்ப இறுகும். ஷோவுக்கும் ஞாயித்துக்கிழமை ஓட்டத்துக்கும் மட்டும் வெளிய வர்ற வண்டிக்கு இது நல்ல வழி, தினமும் வெயில்ல நிக்குற வண்டிக்கு புதுசு தேடுறதுதான் சரி.

### போடவே கூடாதது

டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல், இன்ஜின் ஆயில், வாசலின் எல்லாம் பெட்ரோலியம், ரப்பர் குடிச்சு ஊதும், அன்னைக்கு பார்க்க சாஃப்டா இருக்கும், ஆவியானதும் முன்ன விட மோசமா சுருங்கும், கனமான எண்ணெய்னா கொழகொழன்னே நின்னுடும். பிரேக் ஆயில் பெயின்டை உரிச்சிடும், அதுக்கு மேல ஒரு காரணமும் வேண்டாம். தேங்கா எண்ணெய் உடனடியா பளபளப்பு காட்டும், ஆனா நம்ம ஊரு தூசியை இழுத்து வச்சு கொஞ்ச நாள்ல சிக்கு வாடையோட பசை ஆயிடும், அதை எடுக்குறது தனி வேலை.

## அறிகுறி 2: மேல வெடிப்பு விழுந்திருக்கு

### மெல்லிய கோடுங்க, மடிச்சாதான் தெரியுது

வெயிலும் ஓசோனும் பண்ற வேலை. கழுவி கிளிசரின் போட்டு அப்புறம் சிலிகான் கிரீஸ், இதுல கோடு மறையாது, ஆனா ஆழமாகுறது குறையும். ஊற வைக்குற வைத்தியம் இதுக்கு வேண்டாம், ஊதுறப்போ கோடு பிளந்துடும். வண்டி நிக்குற ஷெட்டுல வெல்டிங் நடக்குதா, டிரில், கிரைண்டர்னு பிரஷ் வச்ச மோட்டாருங்க ஓடிட்டே இருக்கான்னு பாருங்க, அந்த நெருப்புப் பொறியில இருந்து ஓசோன் வரும், ஸ்பேரா வாங்கி வச்ச புது ரப்பரைக் கூட அது சும்மா விடாது. புதுசை கருப்பு கவர்ல சுத்தி, மடிக்காம, பெரிய வளையமா சுருட்டி வீட்டுக்குள்ள வைங்க.

### ஆழமா பிளந்திருக்கு, மடிச்சா ஒடியுது

மாத்துங்க. ஒரே ஒரு இடத்துலதான் பிளவு, மிச்சம் நல்லா இருக்கு, அந்த பீடிங் எங்கயும் கிடைக்கலைன்னா மட்டும் பழைய சாம்பிள்ல இருந்து ஒரு துண்டு எடுத்து புது பிளேடால ரெண்டு முனையையும் நேரா வெட்டி, ஐபிஏவால துடைச்சு, ஒரு சொட்டு ஃபெவிக்விக் போட்டு அழுத்திப் பிடிங்க. கிளிசரினோ சிலிகானோ தடவின முனையில எந்த பசையும் ஒட்டாது, அதனால ஒட்டு வேலை முதல்ல, தடவுற வேலை பின்னாடி. மூலை வளைவுல ஒட்டு வர்ற மாதிரி வெட்டாதீங்க, நேர் பகுதியில, முடிஞ்சா டோர் அடிப்பக்கம் வரட்டும்.

## அறிகுறி 3: பிசுபிசுன்னு கையில ஒட்டுது

எண்ணெயோ கிரீஸோ பட்டு அந்த இடம் மட்டும் பிசுபிசுக்குதுன்னா சோப்பு போட்டு கழுவி கொஞ்ச நாள் விட்டு பாருங்க, சில சமயம் அடங்கும். டோர் கீல் பக்கம், பூட்டு பக்கம் மட்டும் இப்படி இருந்தா அங்க யாரோ ஆயில் விட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

மொத்த நீளமும் பிசுபிசுக்குதுன்னா ரப்பரே சிதைஞ்சு போச்சு, இதுக்கு மருந்தே கிடையாது. புதுசு வர்ற வரைக்கும் டால்கம் பவுடர் தூவி வச்சா டோர் ஓரம் பெயின்டோட ஒட்டி பிய்க்காம இருக்கும். எடுக்குறப்போ பாடியில ஒட்டியிருக்குற கருப்புப் பிசினை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால எடுத்து டர்பன்டைன் நனைச்ச துணியால துடைங்க, முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில பெயின்ட் தாங்குதான்னு பாருங்க.

## அறிகுறி 4: மூலையில கேப், பீடிங் நீளம் பத்தலை

மொதல்ல பார்க்க வேண்டியது பீடிங் தன் இடத்துல இருந்து நகர்ந்திருக்கான்னு. பசை விட்டு மூலையில குறுக்கு வழியா இழுத்துகிட்டு நிக்கும், அதை எடுத்து பழைய பசையை சுத்தம் பண்ணி வெந்நீர்ல கொஞ்ச நேரம் போட்டு மெதுவானதும் திரும்ப மூலைக்குள்ள அழுத்தி ஒட்டினா சரியாயிடும்.

உண்மையாவே சுருங்கியிருந்தா இழுத்து மாட்டாதீங்க, வெயில் பட்டதும் திரும்ப வந்துடும், வர்றப்போ மூலையை பிய்ச்சுகிட்டு வரும். டோர் அடிப்பக்கம் நடுவுல வெட்டி கேப்பை அங்க கொண்டு போயி ஒரு துண்டு சேர்த்து ஒட்டுங்க, மேல் மூலைங்க ரெண்டும் முழுசா இருக்கணும், தண்ணி முதல்ல இறங்குறது அங்கதான்.

புதுசு மாட்டுறப்பவும் இதே கதைதான். ஆளுங்க பீடிங்கை இழுத்து இழுத்து ஒட்டிட்டு மிச்சத்தை வெட்டிடுவாங்க, கொஞ்ச மாசத்துல கேப் வந்துடும். இழுக்காம தள்ளித் தள்ளி உக்கார வச்சு, கடைசியில அரை விரற்கடை அதிகமா விட்டு வெட்டி, அந்த அதிகத்தையும் உள்ள அமுக்கி ஒட்டணும். ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி பசைன்னா ரெண்டு பக்கமும் தடவி, விரல்ல ஒட்டாத பதத்துக்கு காஞ்ச பிறகு சேர்க்கணும், ஈரமா இருக்கும்போதே அமுக்குனா நகர்ந்துகிட்டே இருக்கும்.

## அறிகுறி 5: ரப்பர் மெதுவாதான் இருக்கு, ஆனா சப்பையா அமுங்கி போச்சு

டோரை சாத்தி உள்ள ஒருத்தர் உக்காந்து, வெளிய ஒருத்தர் டார்ச் அடிச்சு சுத்தி வந்தா வெளிச்சம் வர்ற இடம் தெரியும். இன்னொன்னு சாக்பீஸ் சோதனை, அதுதான் எனக்கு நம்பிக்கை. பள்ளிக்கூட சாக்பீஸை பீடிங் உதடு முழுக்க தேச்சு டோரை ஒரே தடவை சாத்தி திறங்க. டோர் ஓரத்துல வெள்ளைக் கோடு விடாம ஓடினா பீடிங் தொடுது, கோடு எங்க மெலிஞ்சு எங்க விட்டுப் போகுதோ அங்கதான் கேப். பெரும்பாலும் கீல் பக்கம் கோடு தடிமனாவும் பூட்டுக்கு மேல மூலையில காணாமலும் இருக்கும், அப்படின்னா பீடிங் மேல பழி போடாதீங்க, டோர்தான் உக்கார்ந்த இடம் சரியில்ல.

டோரை பாதி திறந்து கைப்பிடி பக்கத்தை ரெண்டு கையால மேல தூக்குங்க. ஆட்டம் இருந்தா கீல் பின் தேஞ்சிருக்கு. அம்பாசடர் டோர் கனத்துக்கு இது சகஜம். டோர் தொங்குறப்போ எந்த பீடிங் போட்டாலும் மேல் மூலையில கேப் நிக்கும், டிங்கர் கிட்ட போயி கீல் பின், புஷ் மாத்தி டோரை தூக்கி வச்ச பிறகுதான் பீடிங் வேலை. ஆட்டம் இல்லைன்னா ஸ்ட்ரைக்கர் (டோர் பூட்டு வந்து மாட்டுற, பாடியில இருக்குற கொக்கி) ஸ்குரூவை தளர்த்தி கொஞ்சம் உள்ள தள்ளி முறுக்குங்க, முன்னாடி இருந்த இடத்தை பென்சிலால கோடு போட்டுக்குங்க.

டோர் சரியா இருந்தும் கேப் இருந்தா, குழல் மாதிரி உள்ள காலியா இருக்குற பீடிங்குக்கு ஒரு வழி இருக்கு. மீன் தொட்டிக்கு காத்து போற சிலிகான் டியூபை சோப்புத் தண்ணியில நனைச்சு அமுங்கின இடத்துக்குள்ள மட்டும் சொருகுங்க, பீடிங் எழுந்து நிக்கும். சொருக முடியாத ரப்பர்னா கழட்டி வெந்நீர்ல போட்டு எடுத்து ஆற விட்டா ஓரளவு எழும்பும், ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 6: புது பீடிங் போட்டும் டோர் சாத்த மாட்டேங்குது

ஓங்கி அறையாதீங்க, பூட்டும் கீலும் கெடும். முதல்ல எங்க தடுக்குதுன்னு சாக்பீஸ் வச்சு பாருங்க. பீடிங் தலைகீழா மாட்டியிருக்கும், இல்ல உதடு உள்பக்கம் திரும்பி இருக்கும், ரெண்டும் அடிக்கடி நடக்குறது. சரியா மாட்டியும் இறுக்கமா இருந்தா ஸ்ட்ரைக்கரை வெளிய கொஞ்சம் தள்ளி டோரை சாத்தியே சில நாள் வெயில்ல விடுங்க, அமுங்கி வழிக்கு வந்ததும் பழைய கோட்டுக்கு கொண்டு வாங்க. அதுக்கும் மசியலைன்னா ரப்பர் தப்பு, பழைய துண்டையும் புதுசையும் குறுக்கா வெட்டி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒன்னு ரெண்டு மில்லிமீட்டர் உயரம் கூட இருந்தாலே டோர் சாத்தாது.

## அறிகுறி 7: மழையில உள்ள தண்ணி

ஐப்பசி மழைக்கு முன்னாடி பண்ணிடுங்க இந்த சோதனையை. கால் வைக்குற இடம் நனையுதுன்னதும் டோர் பீடிங்கை மாத்துறாங்க, அங்க பிரச்னையே இருக்காது.

முதல்ல டோர் அடியில இருக்குற ஓட்டைங்களை பாருங்க. ஜன்னல் கண்ணாடி ஓரமா டோருக்குள்ள தண்ணி இறங்குறது இயற்கை, அது கீழ ஓட்டை வழியா வெளிய போகணும். புட்டியும் பெயின்டும் மண்ணும் அடைச்சிருந்தா சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால குத்தி விடுங்க. அடுத்து டோர் பேட் (டோரோட உள்பக்க அட்டை) கழட்டி உள்ள பாலிதீன் ஷீட் இருக்கான்னு பாருங்க, எப்பவோ ஸ்பீக்கர் மாட்டுனவர் கிழிச்சு போட்டிருப்பார், இருநூறு மைக்ரான் ஷீட்டை வெட்டி ஒட்டினா முடிஞ்சது.

அதுக்கும் நிக்கலைன்னா ஓஸ் சோதனை. உள்ள ஒருத்தர் டார்ச்சோட உக்காரணும், வெளிய இருந்து வேகம் குறைச்சு தண்ணி விடணும், டோர் அடியில ஆரம்பிச்சு ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்ச நேரம் நிறுத்தி நிறுத்தி மேல போகணும். மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு எது ஓட்டைன்னே தெரியாது. விண்ட்ஸ்கிரீன் வரைக்கும் போகாம உள்ள சொட்டினா டோர் பீடிங், விண்ட்ஸ்கிரீன் கீழ் மூலையில விட்டதும் டேஷ்போர்டு அடியில சொட்டினா அறிகுறி 9. ஹெரால்டு பாடி துண்டு துண்டா போல்ட் போட்டு சேர்த்தது, அந்த சேர்ப்பு இடத்து சீலும் வழி விடும், அதையும் விட்டுடாதீங்க.

## அறிகுறி 8: வேகம் போனா விசில் சத்தம்

மாஸ்கிங் டேப்பை டோர் இடுக்கு முழுக்க ஒட்டிட்டு ஓட்டிப் பாருங்க, சத்தம் நின்னா ஒவ்வொரு பக்கமா டேப்பை எடுத்துகிட்டே திரும்ப ஓட்டுங்க, எந்தப் பக்கம் எடுத்ததும் சத்தம் வருதோ அங்கதான். பத்மினியில முக்கால்வாசி முக்கோண கண்ணாடி ரப்பர்தான், அங்க கிளிசரினும் சிலிகான் கிரீஸும் நல்லா வேலை செய்யும்.

## அறிகுறி 9: விண்ட்ஸ்கிரீன் பீடிங் கல்லா இருக்கு, ஓரமா தண்ணி

இங்க மட்டும் கை வைக்குறதுக்கு முன்னாடி ரொம்ப யோசிங்க. கெட்டியான ரப்பரை ஸ்குரூ டிரைவரால நெம்புனா கண்ணாடி போயிடும், பழைய வளைவு கண்ணாடி கிடைக்காத வண்டியா இருந்தா அதோட நஷ்டம் பீடிங்கை விட எத்தனையோ மடங்கு.

நீங்களே பண்ணக்கூடியது, பீடிங்குக்கும் பாடிக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா அழுக்கை சுத்தம் பண்ணி இறுகாம பசையாவே நிக்குற விண்ட்ஸ்கிரீன் சீலன்டை மெல்லிசா உள்ள விடுறது. சாதாரண பாத்ரூம் சிலிகான் வேண்டாம், காய்றப்போ புளிச்ச வாடை வர்ற வகை இரும்பை அரிக்கும், பின்னாடி எடுக்கவும் முடியாது.

பீடிங்கை மாத்தியே ஆகணும்னா கண்ணாடியை காப்பாத்துங்க, பழைய ரப்பரை பலி கொடுங்க. வெளிப்பக்க உதட்டை பிளேடால சுத்தி வெட்டி எடுத்துட்டா கண்ணாடி தானா வெளிய வரும். திரும்ப மாட்டுறது கயிறு முறையில, புது ரப்பரை கண்ணாடிக்கு மாட்டி, பாடியில உக்கார்ற பள்ளம் முழுக்க வழுவழுப்பான நைலான் கயிறை சுத்தி ரெண்டு முனையும் கீழ நடுவுல தொங்க விட்டு, சோப்புத் தண்ணி அடிச்சு, வெளிய ஒருத்தர் உள்ளங்கையால அழுத்த உள்ள இருந்து ஒருத்தர் கயிறை இழுக்க இழுக்க உதடு உள்ள வந்து உக்காரும். இதை பண்ணி பழக்கமான கண்ணாடிக்காரர் இருந்தா அவர் கிட்ட விட்டுடுங்க, கூலி கொடுக்குறது கண்ணாடி வாங்குறதை விட எவ்வளவோ மேல். கண்ணாடி வெளிய வந்ததும் பீடிங் உக்கார்ற தகடு ஓரத்தை விரலால தடவிப் பாருங்க, பொருபொருன்னு கொட்டுனாலோ ஓட்டை இருந்தாலோ வேலையை அங்கயே நிறுத்தி டிங்கரை கூப்பிடணும். துரு மேல புது ரப்பர் போட்டா அடுத்த மழைக்கும் சொட்டும், உள்ள தகடு தின்னுகிட்டே போகும்.

## அறிகுறி 10: ஜன்னல் கண்ணாடி ஏத்தி இறக்க கஷ்டம்

இது பீடிங் கிடையாது, கண்ணாடி ஓடுற சேனல். உள்ள வெல்வெட் மாதிரி துணி இருக்கும், அதுல கிரீஸ், ஆயில் போட்டா மண் ஒட்டி உப்புத்தாள் ஆகி கண்ணாடியில கோடு விழும். பிரஷால மண்ணை எடுத்துட்டு காஞ்சு போற வகை சிலிகான் ஸ்ப்ரே கொஞ்சமா. துணி தேஞ்சு இரும்பு தெரிஞ்சா சேனல் மாத்தணும். அதுக்கும் கஷ்டமா இருந்தா விண்டோ மெஷின் பக்கம் பாருங்க.

## எங்கயும் கிடைக்காத பீடிங்

கடை, பழைய சாமான் மார்க்கெட், வெளிநாடு எல்லாம் தேடியும் இல்லைன்னா ரப்பரை அச்சு வழியா தள்ளி நீளமா ஓட்டித் தர்ற எக்ஸ்ட்ரூஷன் யூனிட்ல சொல்லி ஓட்டணும். டை, அதாவது அந்த அச்சு, அதோட செலவு தனியா வரும், குறைஞ்சது இத்தனை மீட்டர் எடுக்கணும்னு சொல்லுவாங்க, அதனால அதே வண்டி வச்சிருக்குறவங்க நாலஞ்சு பேர் சேர்ந்து போறதுதான் கட்டுப்படி ஆகும். சாம்பிளா கொடுக்குறது சப்பையாகாத இடத்துல வெட்டின துண்டா இருக்கணும், டோர் அடி மூலையிலயோ கிளிப்புக்கு கீழ மறைஞ்ச இடத்துலயோ கிடைக்கும். சுருங்கின, ஊதின, ஊற வச்ச துண்டை கொடுத்தா அந்த தப்பு அளவுலயே டை வெட்டிடுவாங்க.

ஈபிடிஎம்னு ஒரு செயற்கை ரப்பர் இருக்கு, அதுல கேளுங்க, வெயிலுக்கும் ஓசோனுக்கும் அதுதான் தாங்கும். கடினம் ஷோர் ஏ எவ்வளவுனு கேப்பாங்க, விண்ட்ஸ்கிரீனுக்கு 60ல இருந்து 70க்குள்ள, டோருக்கு அமுங்குற பகுதி ஸ்பாஞ்சா வேணும்னு தனியா சொல்லணும், எல்லாத்தையும் ஒரே கெட்டி ரப்பர்ல ஓட்டி கொடுத்துட்டா டோர் சாத்தாது. மொத்தமா ஓட்டுறதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் சாம்பிள் வாங்கி டோர்ல டேப்பால ஒட்டி சாக்பீஸ் சோதனை பண்ணிட்டு அப்புறம் ஓகே சொல்லுங்க, டையை உங்க பேர்ல எழுதி அங்கயே வச்சிருக்கச் சொல்லுங்க, அடுத்த தடவை மீட்டர் காசு மட்டும் கொடுத்தா போதும்.